முள்ளம்பன்றியும் மூடாத குழிகளும்

காட்டோரத்தில் ஒரு பூங்கா இருந்தது. நடுவில் ஒரு குளம், குளத்தைச் சுற்றிப் புல்வெளி, புல்வெளியில் ஒரு துருப்பிடித்த ஊஞ்சல், அதற்குப் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் ஒரு சிமெண்டுப் பறவை. மனிதர்கள் கட்டிய பூங்காதான். வழியில் இருந்த பாலம் ஒரு மழையில் போனதும் அவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். இடம் காலியாக இருந்தால் காடு சும்மா இருக்குமா? முயல் வந்தது, மான் வந்தது, எருமை மந்தை வந்தது. கொஞ்ச நாளில் அது எல்லாருக்கும் பொதுவான இடமாகிவிட்டது.

அந்தச் சிமெண்டுப் பறவை என்ன பறவை என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, பறக்க உதவாத குட்டை இறக்கை. மனிதர்கள் அதன் வாயில் குப்பை போட்டதை மான் பார்த்திருக்கிறது. "பாவம், குப்பை தின்னுற சாதி போல!" என்று எல்லாரும் பரிதாபப்பட்டார்கள்.

பூங்காவை ஒட்டிய மேட்டில், ஒரு பாறைப் பொந்தில் சிலுப்பன் என்ற முள்ளம்பன்றி இருந்தான். அவனுக்கு ஒரு விசித்திரமான வரம். மண்ணுக்குள் இரும்போ பித்தளையோ எது கிடந்தாலும், அதற்கு மேலே அவன் நடந்தால் போதும். முதுகு முள்ளெல்லாம் தானாக நடுங்கி "கிர்ர்ர்" என்று சத்தம் போடும்.

இதை அவன் கண்டுபிடித்ததே தற்செயலாகத்தான். ஒரு நாள் ஊஞ்சலுக்குக் கீழே நடந்தபோது முள் நடுங்கியது. காய்ச்சல் வந்துவிட்டது என்று பயந்து, பொந்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாளும் அதே இடத்தில் அதே நடுக்கம். "இதென்ன, இடம் பார்த்து வர்ற காய்ச்சலா இருக்கே!" என்று தோண்டினான். ஒரு பித்தளைச் சாவி கிடைத்தது.

அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது.

மனிதர்கள் உட்கார்ந்து தின்று, ஆடி, ஓடிய இடம் அல்லவா? தரைக்குள் என்னென்னவோ கிடந்தன. கொண்டை ஊசி, கொலுசுத் திருகாணி, சட்டைப் பித்தான், சில்லறைக் காசு. எல்லாவற்றையும்விட அதிகமாகக் கிடந்தது சோடா பாட்டில் மூடி. சிலுப்பனுக்கு அந்தச் சாமான்கள் மேல் ஆசை இல்லை. 'உள்ளே என்ன இருக்கும்?' என்று கை மண்ணுக்குள் போகிற அந்த ஒரு கணம்தான் வேண்டும். அந்த ருசி பொல்லாதது. அதற்காக நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது.

காரி என்ற காக்கை ஊஞ்சல் கம்பத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பளபளப்பு என்றால் அவளுக்கு உயிர்.

"சிலுப்பண்ணே! மினுக்குற சாமான் எது கெடைச்சாலும் எனக்குக் குடு. நான் உனக்கு நாவப்பழம் பறிச்சுப் போடுறேன்!" என்றாள்.

"மினுக்காததை என்ன பண்றது?"

"அதை எதுக்கு என்கிட்ட காட்டுறே? வந்த குழியிலேயே தூக்கிப் போடு! கண்ணுல படாம இருந்தா சரி!"

நல்ல யோசனைதான் என்று சிலுப்பன் நினைத்தான். அன்றிலிருந்து அவன் பாடு கொண்டாட்டம். கிர்ர்ர் என்றால் தோண்டுவான். புல்லை வேரோடு பிய்த்து வீசுவான். மினுக்கினால் காரிக்கு. சோடா மூடியும் துருப்பிடித்த ஆணியும் வந்தால் திரும்பக் குழிக்குள். குழியை மூடுவதெல்லாம் கிடையாது. மூடுகிற நேரத்தில் இன்னொன்று தோண்டலாமே!

பூங்கா, அம்மைத் தழும்பு விழுந்த முகமாக மாறிப்போனது.

முதலில் சண்டைக்கு வந்தவள் கூவாயி. அவள் ஆள்காட்டிக் குருவி. நீளமான மஞ்சள் கால், தரையில் நடக்கிற பிழைப்பு. யார் தப்பு செய்தாலும் காடே விழித்துக்கொள்ளும்படி கத்துவாள்.

"ஏய் சிலுப்பா! என்ன பண்ணி வச்சிருக்கே? நான் நடக்கிறதா, குழிக்குக் குழி குதிக்கிறதா? நேத்து முயல் கால் மடங்கி விழுந்துச்சு தெரியுமா?"

"கண்ணைத் தரையில வச்சு நடக்கச் சொல்லுக்கா!"

"யாரைக் கேட்டுத் தோண்டுறே?"

"யாரைக் கேட்கணும்? இது என்ன உங்கப்பன் வீட்டு முற்றமா? பொது இடம்! பொது இடம்னா யாரையும் கேட்க வேண்டாம்!"

கூவாயி கத்திப் பார்த்தாள். சிலுப்பன் தன் முள்ளைச் சிலுப்பிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டான்.

எருமை மந்தையில் பூதாயி என்று ஒருத்தி இருந்தாள். ஒரு காலத்தில் ஊரில் இருந்தவள். ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து காட்டில் விட்டது. ஊர்க்காரர்கள் கட்டிய வெண்கல மணி மட்டும் கழுத்தோடு தங்கிவிட்டது. காட்டு எருமைகள் முதலில் அந்த மணியைப் பார்த்துச் சிரித்தன. பிறகு அவளுக்கு ஒரு கன்று பிறந்தது. அதன் பெயர் மொட்டு. மொட்டுவுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் மொட்டுவுக்கு அந்த மணிதான் வழி. பூதாயி ஓர் அடி வைத்தால் "ணங்". மொட்டுவும் ஓர் அடி வைக்கும். மணி இறங்கினால் பள்ளம், மணி ஏறினால் மேடு, மணி நின்றால் புல். மந்தையில் எல்லா எருமையும் ஒன்றுபோலக் கத்தும். எது அம்மா என்று கன்றுக்குக் குழம்பிப்போகும். மணியோ காட்டிலேயே ஒன்றுதான்.

ஒரு நாள் சாயங்காலம் மந்தை தண்ணீர் குடிக்க வந்தது. புல்லுக்கு நடுவே மறைந்திருந்த ஒரு குழியில் பூதாயியின் முன்கால் போய்விட்டது. எழுந்தாள், இரண்டடி வைத்தாள், அடுத்த குழியில் விழுந்தாள். அதிலிருந்து ஏறி இன்னொன்றில் விழுந்தாள். அவ்வளவு பெரிய உடம்பு மூன்று முறை மண்டியிட்டதைப் பார்த்து எல்லாரும் ஓடி வந்தார்கள்.

"பிள்ளை வச்சிருக்கிறவ! கால் முறிஞ்சிருந்தா என்ன ஆகும்?" என்று மான் கத்தியது.

"இப்பவே மூடு! எல்லாத்தையும் மூடு!" என்று கூவாயி அலறினாள்.

இத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கிய கோபம் சிலுப்பனுக்கு. "மூடித் தொலைக்கிறேன்!" என்று முணுமுணுத்துக்கொண்டு மூடினான். எப்படி? குழிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பின்னங்காலால் மண்ணை எத்தி எத்தித் தள்ளினான். உள்ளே என்ன கிடக்கிறது என்று ஒரு குழியையாவது எட்டிப் பார்க்க வேண்டுமே? பார்க்கவில்லை. முள் நடுங்கத்தான் செய்தது. ஆனால் குழிக்குக் குழி அவன் போட்ட சோடா மூடி கிடக்கிறதே, நடுங்காமல் என்ன செய்யும்? பிய்த்தெறிந்த புல்லைத் திரும்ப வைக்கவும் இல்லை. பூங்கா முழுக்க மொட்டை மொட்டையாக மண் திட்டுகள்.

இருட்டுகிற நேரம். குளத்தில் வாய் வைத்த பூதாயி தலையை நிமிர்த்தினாள். சத்தம் வரவில்லை. மறுபடி ஆட்டினாள். கழுத்தில் அறுந்த கயிற்றின் நுனி மட்டும் தொங்கியது.

அவளை ஒட்டி நின்றுகொண்டிருந்த மொட்டு கேட்டது: "அம்மா, நீ எங்க போயிட்டே?"

பக்கத்தில் நிற்கிற பிள்ளை அப்படிக் கேட்டால் ஒரு தாய் என்னதான் சொல்வாள்?

தேடினார்கள். புல்லைப் புரட்டிப் பார்த்தார்கள். மணி ஏதோ ஒரு குழிக்குள் விழுந்து, அதன் மேல் மண்ணும் விழுந்துவிட்டது என்று புரிந்தது. எந்தக் குழி? பூதாயிக்கும் தெரியவில்லை. எல்லாக் குழியும் ஒன்றுபோல மூடிக் கிடந்தது.

"இனிமே நீ இந்தப் பூங்காவுக்குள்ள கால் வைக்கக் கூடாது!" என்றது முயல். அதற்கு இன்னும் கால் வலி போகவில்லை.

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. சிலுப்பன் பொந்துக்குப் போனான். நாவல்பழம் கொண்டுவந்து போட்ட காரி அங்கேயே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள்.

கோடை முற்றியது. குளம் சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு சேற்றுக் குட்டையாக நின்றது. மலைக்கு அந்தப் பக்கம் ஆறு இருக்கிறது. ஆனால் வழி முழுக்கப் பாறை. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் பள்ளம். இரண்டு மாடு சேர்ந்து நடக்க இடமில்லை. கன்றை ஒட்டி அணைத்துக் கூட்டிப் போகவும் வழியில்லை.

மந்தைத் தலைவன் பூதாயியிடம் வந்தான். "தாயி, நாங்க கெளம்பித்தான் ஆகணும். ரெண்டு மூணு நாள் பார்ப்போம். மணி கெடைச்சா பிள்ளையோட வா. கெடைக்கலேன்னா..." என்று நிறுத்தினான். கிடைக்காவிட்டால், இங்கே இருந்தால் தண்ணீர் இல்லை, போனால் பள்ளம்.

பூதாயி நேரே மேட்டுக்கு ஏறினாள். பொந்துக்கு முன்னால் நின்றாள்.

"சிலுப்பா, வெளியே வாப்பா."

முட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து அவன் மூக்கை மட்டும் நீட்டினான்.

"என் மணியை நீதான் எடுத்துத் தரணும். உன் முள்ளுக்குத்தான் அது தெரியும்."

"உன் மணி போனதே என்னாலதானேக்கா! என்கிட்டயா வந்து கேட்கிறே?"

"உன்னைத் திட்டினா மணி வந்துருமா? வருமுன்னா சொல்லு, திட்டுறேன்."

சிலுப்பன் மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டான். "நான் பூங்காவுக்குள்ள வரக் கூடாதே. தடை போட்டிருக்காங்க."

"கேட்டுட்டு வா."

"யாரைக் கேட்கிறது? பொது இடமாச்சே."

"அப்போ எல்லாரையும் கேளு!"

பாருங்கள், இவ்வளவு எளிய விஷயம் இத்தனை நாள் அவன் மண்டையில் ஏறவில்லை. மறுநாள் காலை சிலுப்பன் பூங்கா வாசலில், உள்ளே கால் வைக்காமல் நின்றான். முள்ளையெல்லாம் படிய மடித்து வைத்துக்கொண்டு, "தோண்டலாமா?" என்று கேட்டான். அவன் குரல் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

உடனே ஆளுக்கொரு நிபந்தனை சொன்னார்கள்.

"ஒரு குழியை மூடிட்டுத்தான் அடுத்த குழி!" என்றது முயல். "அப்புறம், மத்தியானம் நான் தூங்கும்போது கிர்ர்ர் கூடாது!"

"மரத்து வேர்ப்பக்கம் போகாதே. நெழலுக்கு எங்களுக்கு வேற மரம் கெடையாது," என்றது மான். "புல்லைப் பிய்க்காதே. மூடி மாதிரித் தூக்கு, மூடி மாதிரித் திரும்ப வை. வேர் காயறதுக்குள்ள வச்சா புடிச்சுக்கும்."

"தோண்டி எடுத்த குப்பையை மறுபடி மண்ணுக்குள்ள போட்டியோ, தொலைச்சேன்!" என்றாள் கூவாயி. "எது கெடைச்சாலும் முதல்ல யாருதுன்னு கேளு. அதுக்கப்புறம்தான் காக்கைக்கு!"

காரி ஊஞ்சல் கம்பத்தில் இன்னும் கொஞ்சம் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

"கடைசியா ஒண்ணு," என்றாள் கூவாயி. ஊஞ்சலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மொட்டைத் திட்டைக் காட்டினாள். சிலுப்பன் புல் வைக்காமல் விட்ட திட்டுகளில் இன்னும் புல் முளைக்காதது அது. ஆள்காட்டிக்கு வெறும் தரையில்தான் முட்டையிடத் தெரியும். மண் நிறத்திலேயே நான்கு முட்டைகள் அங்கே இருந்தன. "அந்தப் பக்கம் உன் மூச்சுக்காத்து கூட வரக் கூடாது!"

"சரிக்கா," என்றான் சிலுப்பன். எல்லாவற்றுக்கும் சரி என்றான்.

வேலை தொடங்கியது. முதல் அடியிலேயே கிர்ர்ர்! பூதாயி ஓடி வந்தாள். சிலுப்பன், பழைய திட்டில் புதிதாக முளைத்திருந்த புல்லை வட்டமாக வெட்டி மூடி போலத் தூக்கினான். மண்ணை ஒரு தேக்கிலையில் சிந்தாமல் எடுத்து வைத்தான். உள்ளே சோடா மூடி.

மண்ணை இலையோடு கவிழ்த்து மூடினான். புல்லை வைத்துக் கையால் அழுத்தினான். அடுத்த அடியில் கிர்ர்ர்! அதுவும் சோடா மூடி. அதற்கடுத்தது துருப்பிடித்த ஆணி. அதற்கடுத்தது மறுபடி சோடா மூடி. விளிம்பில் அவன் பல் பட்ட தடம் இருந்தது.

"இது... நான் முன்னாடி எடுத்ததாச்சே!"

ஆமாம். எல்லாம் அவன் எடுத்து, அவனே திருப்பிப் போட்டவை. பூங்கா முழுக்க முள் நடுங்கியது. மணி எங்கேயோ ஓரிடத்தில் கூப்பிடத்தான் செய்தது. ஆனால் அவன் புதைத்த குப்பை நூறு இடத்தில் கத்தும்போது, அந்த ஒரு குரல் எப்படிக் கேட்கும்? சிலுப்பன் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எல்லாத்தையும் எடுத்தாத்தான் அக்கா தெரியும்," என்றான் பூதாயியிடம்.

"அப்ப எடு. உட்கார்ந்தா ஆகுமா?"

எடுத்தான். எடுத்ததை எங்கே போடுவது? காரி கம்பத்திலிருந்து இறங்கி வந்தாள். "அந்தக் குப்பை தின்னுற பறவை இருக்கே! அது வாயில போட்டா என்ன?" என்றாள். பளபளப்பைத் தவிர எதையும் தொடாத காரி, துருப்பிடித்த ஆணியையும் நசுங்கிய மூடியையும் அலகில் கவ்விக்கொண்டு போய்ச் சிமெண்டுப் பறவையின் வாயில் போட்டாள். "டங்" என்று விழுந்தது. அதைப் பார்த்துவிட்டு முயலும் வந்தது. தான் ஆசைப்பட்டு வரவில்லையாம், கால் மரத்துப்போகாமல் இருக்க நடக்கிறதாம்!

ஓரிடத்தில் முள்கம்பித் துண்டு ஒன்று வந்தது. அதைப் பார்த்ததும் மான் நின்றுவிட்டது.

"போன வருஷம் என் குளம்புல ஏறினது இதுதான். எங்கேருந்துன்னே தெரியாம பயந்து பயந்து நடந்தேன்," என்றது. பிறகு கொஞ்சம் தயங்கி, "நன்றிப்பா," என்றது.

இதுவரை யாரும் சிலுப்பனிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. இன்னும் மெதுவாக, இன்னும் சின்னதாகக் குழி வெட்டினான்.

இப்படியே நாள் போனது. மந்தைத் தலைவன் வந்து, "நாளைக்கு விடிஞ்சதும் கெளம்புறோம்," என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் கடைசிச் சோடா மூடியும் "டங்" என்று பறவை வாயில் விழுந்தது. சிலுப்பன் புல்வெளியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். சத்தமே இல்லை. பூங்கா அவ்வளவு அமைதியாக இருந்து அவன் பார்த்ததே இல்லை.

பூதாயியின் முகம் வாடிப்போனது. "இல்லையா?"

"இரு... பேசாதே."

ஊஞ்சலைத் தாண்டும்போது முள்ளின் நுனி மட்டும் லேசாக அசைந்தது. கிர்ர்ர் இல்லை. தூரத்திலிருந்து யாரோ கூப்பிடுவது போல, மெல்ல, நீளமாக, "ங்ங்ங்" என்று. குப்பை இருந்திருந்தால் இந்தச் சின்ன அசைவு தெரிந்தே இருக்காது. சிலுப்பன் மூக்கை அந்தத் திசையில் நீட்டினான்.

அங்கே கூவாயி முட்டை மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அடடா! குருவியை விரட்டிட்டுத் தோண்டு அண்ணே!" என்று காரி பறந்து வந்தாள். "நாலு முட்டைதானே! தூக்கி அந்தப் பக்கம் வச்சுக்கலாம்! கன்னுக்குட்டி உசுரு பெருசா, முட்டை பெருசா?"

பழைய சிலுப்பனாக இருந்தால் இந்நேரம் மண் பறந்திருக்கும்.

"அதை நான் முடிவு பண்ண முடியாது காரி," என்றான். தூரத்திலேயே நின்றுகொண்டு கூப்பிட்டான்: "கூவாயி அக்கா! மணி உனக்குக் கீழே இருக்கு."

கூவாயி கத்தவில்லை. அதுதான் ஆச்சரியம். இறக்கையை இன்னும் இறுக்கி முட்டைகளை மூடிக்கொண்டாள்.

"முட்டையைத் தொட்டு நகர்த்தினா எல்லாம் வீணாப் போயிரும் சிலுப்பா. ஓட்டுக்குள்ள இப்பத்தான் கொத்தற சத்தம் கேட்குது."

"தெரியும்க்கா. நீ வேண்டாம்னு சொன்னா நான் திரும்பிப் போயிடுறேன்."

பூதாயி அங்கேதான் நின்றாள். அவளும் தாய். "குடு" என்று கேட்கவும் முடியவில்லை, "வேண்டாம்" என்று சொல்லவும் முடியவில்லை. அவள் காலடியில் மொட்டு, காதை ஆட்டி ஆட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தது.

கூவாயி அந்தக் காதையே பார்த்தாள்.

"பக்கவாட்டுல வர முடியுமா?" என்று கேட்டாள் கடைசியில். "தள்ளி ஆரம்பிச்சு, கீழே சாய்வா? நான் எந்திரிக்க மாட்டேன். என் முட்டை அசைஞ்சா எனக்குத் தெரியும். நிறுத்துன்னா நிறுத்தணும்."

"நிறுத்திடுறேன்."

சிலுப்பன் நன்றாகத் தள்ளி உட்கார்ந்தான். ஒரு கை மட்டும் போகிற அளவுக்குப் புல்லை வெட்டித் தூக்கினான். மண்ணைப் பிடிப் பிடியாக எடுத்துத் தேக்கிலையில் வைத்தான். எலி வளை போல ஒரு சின்னச் சுரங்கம் சாய்ந்து சாய்ந்து இறங்கியது. தோளை மண்ணில் அழுத்திப் படுத்துக்கொண்டு கையை நீட்டினான்.

"நிறுத்து!" என்றாள் கூவாயி.

நிறுத்தினான். கை உள்ளேயே இருந்தது. எறும்பு கடித்தது. அசையவில்லை.

"ம்... இப்ப எடு."

விரல் நுனியில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. வளைவாக இருந்தது. மணி! இழுத்தால் நாக்கு அடித்துச் சத்தம் போடும், கூவாயி மிரண்டு எழுவாள். சிலுப்பன் ஒரு கொத்துப் புல்லை உள்ளே கொண்டுபோய் மணியின் வாயில் திணித்தான். பிறகு பூப்போல வெளியே எடுத்தான்.

முட்டை ஒன்றும் அசையவில்லை.

"காரி! குளத்துல கழுவிக் கொண்டுபோய்க் கட்டி விடு! கூடு கட்டுறவ நீ, உனக்குத்தான் முடிச்சுப் போடத் தெரியும்!"

காரி மணியை அலகில் வாங்கினாள். மண் போனதும் அந்தி வெயிலில் அது தங்கமாக மின்னியது. அவள் வாழ்நாளில் அவ்வளவு பளபளப்பான பொருளைக் கவ்வியதில்லை. ஒரு கணம் உயரமான மரத்தை ஏறிட்டுப் பார்த்தாள். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, ஆலம்விழுதின் நாரை உரித்துக்கொண்டு பூதாயியின் கழுத்துக்குப் பறந்தாள். இதற்காகவே நான் காரியின் பழைய குற்றங்களையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

"நீயும் வா சிலுப்பா! பிள்ளை நடக்கிறதைப் பாரு!" என்று மானும் முயலும் குளத்தங்கரைக்கு ஓடினார்கள்.

"நீங்க போங்க. குழி தெறந்து கெடக்கு," என்றான் சிலுப்பன்.

எல்லாரும் போய்விட்டார்கள். அவன் மட்டும் தேக்கிலை மண்ணைப் பிடிப் பிடியாகச் சுரங்கத்துக்குள் வைத்து, விரலால் கெட்டித்துக்கொண்டிருந்தான். கடைசிப் பிடி மண்ணைப் போடும்போது குளத்தங்கரையிலிருந்து வந்தது.

"ணங்."

கொஞ்சம் பொறுத்து மறுபடி, "ணங்." அதற்குப் பின்னாலேயே ஒரு சின்னக் குரல்: "அம்மா! நீ இங்கேயா இருக்கே!"

சிலுப்பன் அழுதான். அழுதுகொண்டே புல் மூடியைக் குழி மேல் வைத்து அழுத்தினான். குட்டையிலிருந்து வாயில் தண்ணீர் கொண்டுவந்து வேரில் விட்டான்.

விடிந்ததும் மந்தை கிளம்பியது. போகிற வழியில் பூதாயி மொட்டுவைக் கூட்டிக்கொண்டு புல்வெளிக்கு வந்தாள். கூவாயியின் முட்டைகளில் ஒன்று பொரிந்து, ஈரக்குஞ்சு ஒன்று அவள் இறக்கைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.

"கூவாயி, நீ செஞ்சதை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்," என்றாள் பூதாயி. "மொட்டு, வா. உன் மணியை எடுத்த எடத்தை ஒரு தடவை மோந்து பாரு. அந்த மண்ணுக்கு நன்றி சொல்லிட்டுப் போவோம். எந்த எடம் கூவாயி?"

கூவாயி கழுத்தை நீட்டி இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். புல் ஒன்றுபோலப் பச்சையாக இருந்தது.

"இங்கதான் எங்கயோ!" என்றாள். "நான் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். எனக்கே தெரியலையே!" பிறகு மேட்டைப் பார்த்துக் காடே கேட்கும்படி கத்தினாள்: "ஏய் சிலுப்பா! எங்கேடா தோண்டினே?"

இந்த முறை அது திட்டு இல்லை. பொந்துக்குள் படுத்திருந்த சிலுப்பனுக்கு அது நன்றாகவே புரிந்தது. மொட்டு புல்வெளி முழுவதற்குமாகச் சேர்த்துத் தலையைத் தாழ்த்திவிட்டு, மணிச் சத்தத்துக்குப் பின்னால் மலை ஏறியது.

எல்லாருக்கும் பொதுவான இடத்தில் எதைத் தோண்டினாலும், எல்லாரையும் கேட்டுத் தோண்டி, தோண்டிய தடம் தெரியாமல் மூடி வைக்கிறவனுக்கே அந்த இடம் நன்றி சொல்லும்.